எண்பது வாட்டும் எண்பத்தைந்து டெசிபலும்

சென்ற ஐப்பசி மாதத்தில், குளச்சலில் எங்கள் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறையில் குடும்பத்தோடு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கூரையில் விழுந்த மழையின் இரைச்சலில் வசனம் கேட்கவில்லை என்பதால் ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் அடங்கிய பெட்டியில், ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். சண்டைக் காட்சியொன்றில் இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து தகரத்தில் மணலைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு எழுந்தது. சில நொடிகளில் அதுவும் அடங்கி, அந்தப் பக்கத்து ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிட்டது.

மறுநாள் அதை நாகர்கோவிலில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ட்வீட்டரை, அதாவது உயர் அதிர்வெண் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தபோது முள் அசையவே இல்லை. பிறகு உள்ளிருந்த காயிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தலைமுடியளவு மெல்லிய கம்பி ஓரிடத்தில் கருகி அறுந்திருந்தது.

"ரிசீவருக்குப் பவர் கூடிப்போச்சா அண்ணே?" என்று கேட்டேன்.

"கூடல தம்பி, பத்தல" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. ஆம்ப்ளிஃபயரால் தர இயன்ற மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் கேட்கும்போது, மேலும் கீழும் வளைந்து செல்ல வேண்டிய ஒலி அலையின் உச்சிகள் வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடுகின்றன. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அப்போது இசையில் இல்லாத உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. உச்சிகள் அடைபட்டிருக்க மற்றவை யாவும் உரக்க எழுவதால் சராசரிச் சக்தியும் ஏறுகிறது. அந்த உயர் அதிர்வெண்களின் சுமையைத் தாங்க வேண்டியது, சில வாட்டுகளுக்கு மேல் நெடுநேரம் தாங்க முடியாத சின்னஞ்சிறு ட்வீட்டர்தான்.

என் ரிசீவரின் பெட்டியில் 150 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தபோதுதான், அது 6 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), ஒரே ஒரு சேனல், அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழி மட்டும் இயங்கும்போது, 1 கிலோஹெர்ட்ஸில், 10 விழுக்காடு ஒலிச்சிதைவோடு அளந்த எண் என்று தெரிந்தது. 8 ஓமில், இரண்டு சேனல்கள் இயங்க, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை 0.08 விழுக்காடு சிதைவோடு அளந்தால் அதே கருவி 80 வாட்தான் தருகிறது. எல்லாச் சேனல்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் எடுப்பதால், அனைத்தும் ஒருசேர உரத்து ஒலிக்கும் வேளையில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இன்னும் குறையும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணையே.

ஆனால் வாட்டை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் அளவுக்கு ஒலி வருகிறது என்பதுதான் மறுபாதி. நம் ஊர்க் கோயில் கொடையிலும் பள்ளித் திருவிழாவிலும் தென்னையில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அளவான ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டே அது வயல் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்பதற்குக் காரணம், அதன் சென்சிடிவிட்டி 100 டெசிபலைத் தாண்டி நிற்பதுதான். என் ஸ்பீக்கருக்கு அது 85 டெசிபல்.

நாங்கள் அமர்வது 3 மீட்டர் தொலைவில். தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில், 3 மீட்டருக்குக் கழிவது ஏறத்தாழ 9.5 டெசிபல். ஆக, 1 வாட்டுக்கு எங்கள் காதை எட்டுவது 75.5 டெசிபல், அமைதியான இரவில் வசனம் கேட்க அதுவே தாராளம். மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்று உச்ச ஒலியை 100 டெசிபலுக்கு ஏற்றினால் நிலைமை அடியோடு மாறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி இருமடங்காக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்காக வேண்டும் என்பதால், அந்த 24.5 டெசிபல் உயர்வுக்கு ஏறக்குறைய 280 வாட் தேவைப்படுகிறது. சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி 3 டெசிபல் ஈடுசெய்தாலும் 140 வாட் வேண்டும். என்னிடம் இருந்ததோ 80.

இதைக் கணக்கிட்ட பிறகு பெரிய ரிசீவர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர்களை முன்பக்கத்துக்கு வாங்கினேன். 5 டெசிபல் வேறுபாடு என்பது சக்தியில் மூன்று மடங்குக்கும் மேல். அதே 100 டெசிபலுக்கு இப்போது 90 வாட், சுவர்களின் துணையோடு அதில் பாதி போதும். அவை 8 ஓம் ஸ்பீக்கர்கள் என்பதையும் உறுதி செய்துகொண்டேன். 4 ஓம் ஸ்பீக்கர் அதே மின்னழுத்தத்தில் இருமடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், நடுத்தர ரிசீவர்கள் சூடாகி இடையில் தாமாகவே நின்றுவிடக்கூடும். மேலும், ரிசீவரின் அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை 'சின்னது' என்று குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டேன். சக்தியை அதிகம் உறிஞ்சும் கனத்த ஒலிகளைத் தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபரே சுமப்பதால் ரிசீவர் மூச்சுவிட்டு இயங்குகிறது.

கடற்கரையோரம் இருப்பவர்கள் ஸ்பீக்கர் வயரின் முனைகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் என் வயரின் முனை ஓராண்டுக்குள் பச்சைப் பூத்திருந்தது. நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவிச் செருகினேன்.

அண்ணன் புது ட்வீட்டர் பொருத்திக் கொடுத்த பழைய ஸ்பீக்கர்களைத் தக்கலையில் என் மைத்துனரின் படிப்பறையில் வைத்திருக்கிறோம். அங்கே நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒன்றரை மீட்டர்தான். அதே 100 டெசிபலுக்கு அங்கே 70 வாட் போதுமானது. அவருடைய ரிசீவரின் கடைசிப் பக்கத்தில் 8 ஓமுக்கு 75 என்று போட்டிருக்கிறது.