கோடு விழாத பல்

"அதெல்லாம் வராதுக்கா" என்றுதான் சொன்னேன். நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பதிலை மனதுக்குள் எத்தனை முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தும் சரியாக அமையவில்லை.

அன்று அகழாய்வில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த பற்களை மூங்கில் குச்சியால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மண் சலிக்கிற அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையில் இருந்தது வளர்ந்த ஆள் ஒருவரின் கோரைப்பல். அதன் குறுக்கே மூன்று கோடுகள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், நகத்தால் வருடினால் தட்டுப்படும். இப்படி ஒன்று கிடைத்தால் யாரிடமாவது காட்டாமல் என்னால் இருக்க முடியாது.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் மேல்பூச்சான எனாமல் அப்படியில்லை, உருவானது உருவானதுதான். விழுந்து முளைத்த கோரைப்பல்லின் எனாமல், பிறந்த நாலைந்து மாதத்தில் உருவாகத் தொடங்கி ஆறு ஏழு வயதுக்குள் முடிந்துவிடும். இடையில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால் வளர்ச்சி தடைப்பட்டு அந்த இடத்தில் கோடு விழும். பிள்ளை தேறினால் பல்லும் மேற்கொண்டு வளரும். கோடு மட்டும் இரண்டாயிரம் வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

"இவரு சின்னப் பிள்ளையில மூணு தடவை செத்துப் பொழச்சிருக்காருக்கா" என்றேன். கூட்டித்தான் சொன்னேன். மூன்று தடவை உடம்பு நொடித்தது என்பது வரைக்கும்தான் அந்தப் பல் சொல்லும்.

அக்கா ஆச்சரியப்படவில்லை. "எம்புள்ள ரெண்டே நாள்ல போயிட்டான் தாயி. வாந்தி பேதி. ஒன்றரை வயசு. அவன் பல்லுலயும் இப்படி இருக்குமா?" எப்போதும் 'மேடம்' என்று கூப்பிடுகிறவர்.

இருக்காது என்றேன். கோடு விழ உடம்புக்கு நாள் வேண்டும், நோயோடு கிடந்து மீண்டவர்களுக்குத்தான் அது விழும் என்று விளக்கினேன். இரண்டு நாளில் போன பிள்ளைக்கு எலும்பிலும் ஒன்றும் இருக்காது என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

கொஞ்ச நேரம் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆயிரம் வருசம் கழிச்சு அவன எடுத்துப் பாக்குறவுக, இவனுக்கு ஒரு கொறையும் இல்ல, நல்லா இருந்தவன்னு எழுதிருவாகளா?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

அக்கா கேட்ட கேள்வி எங்கள் துறைக்குப் புதிதல்ல. 1992இல் மானிடவியலாளர் ஜேம்ஸ் வுட்டும் இன்னும் மூவரும் எழுதிய கட்டுரை அதற்கு 'எலும்பியல் முரண்' என்று பெயர் வைத்தது. வடு உள்ள எலும்பு நோயை வென்று நாள் கடத்தியவருடையதாக இருக்கலாம், வடுவே இல்லாத எலும்பு முதல் அடியிலேயே விழுந்தவருடையதாக இருக்கலாம் என்பது அதன் சாரம். முதுகலையில் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதே வாரம் எங்கள் அட்டவணையில், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நேராக என் கையெழுத்தில் இருந்தது 'நோய்க்குறி இல்லை'. கடைசிக் கூட்டலில் அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆக, 'வராது' என்று சொன்ன அன்றைக்கு அது என் நோட்டிலேயே வந்துகொண்டிருந்தது.

நான் எழுதியது பொய்யில்லை என்றும் தோன்றும். குறி இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாதா? தெரியலாம். ஆனால் கூட்டல் போட்டவள் நான், எனக்கே தெரியாமல் போயிற்றே.

ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த மண்டையோடுகளை 1930இல் உடற்கூற்றியலாளர் சக்கர்மன் அளந்து எழுதியபோது, இவர்கள் என்ன இனம் என்பதே பெரிய கேள்வி. நாங்கள் அப்படியில்லை, இவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதனால் துன்பப்பட்டார்கள் என்று கேட்கிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு. எனாமலில் உள்ள கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்தால் நெல் வகையைச் சாப்பிட்டு வளர்ந்தவரா, கம்பு கேழ்வரகு வகையா என்று பிரித்துச் சொல்லலாம். அரை வயிறா முழு வயிறா என்பதை அந்த எண் சொல்லாது. சோற்றைப் பற்றி ஒரு தாய் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான்.

பிறகு 'நோய்க்குறி இல்லை' என்பதை அடித்துவிட்டு 'அறிய இயலவில்லை' என்று மாற்றினேன். எனக்கு மேலே பொறுப்பில் இருந்தவர், "அப்படிப் பார்த்தால் எல்லா வரிசையிலும் இதைத்தானம்மா எழுதணும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். குழந்தைகளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். கூட்டலிலிருந்து அவர்களை எடுத்தோம். அது ஆய்வுக்காகச் செய்ததா, அக்காவுக்காகச் செய்ததா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய ஒன்று ரொம்பத் தாமதமாக நினைவுக்கு வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாடைக்குள், முளைக்காமலே, முதல் பெரிய கடைவாய்ப்பல் உருவாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதில் ஒரு கோடு இருக்கும். நோயின் கோடு அல்ல, பிறந்த நாளின் கோடு. எனாமல் நாளுக்கு ஒரு மெல்லிய வரியாக வளர்வதால், அந்தக் கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் பிள்ளை எத்தனை நாள் இருந்தான் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். "அவன் இருந்த நாளெல்லாம் அதுல இருக்கும்க்கா" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

ஆனால் வரியை எண்ணப் பல்லை அறுக்க வேண்டும், காகிதம்போல மெல்லிசாக இழைத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அக்கா அடுத்து அதைத்தான் கேட்டிருப்பார். எம்புள்ள பல்லை அறுப்பீகளா என்று. எத்தனையோ பிள்ளைகளின் பல்லை நான் அறுத்திருக்கிறேன். யாருடைய பிள்ளை என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. இதை நினைக்கும்போது, அன்று வாய்க்கு வந்த பொய்யே பரவாயில்லை என்று தோன்றும். இரண்டு நாள் கழித்து அப்படித் தோன்றாது.

அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலைக்குத் தவறாமல் வந்தார். ஒரே ஒரு மாற்றம். மற்றவர்களைப் போல முன்பு சல்லடையில் கிடைப்பதையெல்லாம் தட்டில் போட்டுவிட்டுப் போவார். அதன் பிறகு சின்னப் பல் ஏதாவது கிடைத்தால் தட்டில் போடமாட்டார். எழுந்து வந்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் எண் எழுதி உறையில் போடும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.