ஆட்டோவுக்கு 211

9.12.2019, திங்கள்

இன்றிலிருந்து வேட்புமனு வாங்குகிறார்கள். காலை ஏழு மணிக்கே மச்சினன் வாசலில் நிற்கிறான். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை. அவன் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சீக்கிரம் கிளம்பினதில்லை.

"மச்சான், தலைவருக்கு நிக்கப் போறேன்."

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த சம்சாரம் கிரைண்டரை அமர்த்திவிட்டு வந்தாள். "எதுக்குடா, கபடிக் குழுவுக்கா?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. இருபது வருசமாகத் தம்பி வேறு எதற்கும் நின்று அவள் பார்த்ததில்லை.

ஊராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2011இல். 2016இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர்தான். மூன்று வருசமாகக் குழாய் உடைந்தால் சொல்ல ஆள் கிடையாது. இந்தத் தடவை பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் ஊர் பொது என்று வந்துவிட்டது. "பெண்கள்னு வந்திருந்தா நானே நின்றுப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டாள்.

11.12.2019, புதன்

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி வட்டாரத்தில் மின்னொளி கபடி என்று எங்கே நோட்டீஸ் ஒட்டினாலும் மாப்பிள்ளை (மச்சினனை அப்படித்தான் கூப்பிடுவேன்) அங்கே இருப்பான். இடது கார்னர், தடுப்பு வரிசையின் இடது ஓரம். நான் அவனுக்குப் பக்கத்து இடம். பதினான்கு வருசம் அவன் கையை என் கையில் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வலது மோதிர விரல் கோணல். ரெண்டு தடவை இறங்கி, ரெண்டு தடவையும் மைதானத்திலேயே இழுத்துவிட்டது. ரைடர் காலை நீட்டும்போது பிடிக்க மாட்டான். நீட்டின கால் மண்ணில் ஊன்றுகிற வரை பொறுத்து, எடை இறங்கினதும் கணுக்காலைப் பூட்டுவான். அந்தப் பொறுமை மைதானத்துக்குள் மட்டும்தான்.

பழைய நோட்டீஸ் ஒன்று பீரோவில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். "முதல் பரிசு ரூ.10,000, உபயம்" என்று போட்டு, கீழே முன்னாள் தலைவர் பெயர். அடுத்த வருசத்து நோட்டீசிலும் அவரே. நாங்கள் போட்டிருந்த பனியன் முதுகிலும் அவரே. இப்போது பூட்டு சாவியோ ஏணியோ ஏதோ ஒரு சின்னத்தைத் தூக்கிக்கொண்டு எதிரில் நிற்கப் போகிறவரும் அவரே. மாப்பிள்ளையிடம் காட்டினேன். "அதனால என்ன மச்சான், அவரு காசு குடுத்தாரு, நாம தோக்காம ஆடுனோம்" என்றான். சரிதான்.

13.12.2019, வெள்ளி

மனுத் தாக்கல். பத்தரைக்கு ராகு காலம் என்று அத்தை போட்ட விரட்டில் ஒன்பதே முக்காலுக்கே யூனியன் ஆபீஸ் வாசலில் நின்றோம். டெபாசிட் 600 ரூபாய். அதைவிடச் செலவு வைத்தது வீட்டு வரியும் குழாய் வரியும். ஊராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவன் நிற்க முடியாது. இவன் வீட்டில் எத்தனை வருசப் பாக்கி என்பது நேற்று ரசீது போடும்போதுதான் அவனுக்கே தெரியும்.

15.12.2019, ஞாயிறு

டீக்கடையில் தம்பி ஒருவன் செல்போனை வைத்துக்கொண்டு வரிசையாக வாசித்தான். பாக்ஸர் விஜேந்தர் சிங், இந்த வருசம் மே மாதம் தெற்கு டெல்லி, மூன்றாம் இடம். மல்யுத்தம் யோகேஷ்வர் தத், ஒலிம்பிக் பதக்கக்காரர், அக்டோபரில் ஹரியானா பரோடா தொகுதி, தோல்வி. அதே தேர்தலில் மல்யுத்தம் பபிதா போகட் தாத்ரியில் தோல்வி. ஃபுட்பால் பாய்ச்சுங் பூட்டியா 2014இல் டார்ஜிலிங், 2016இல் சிலிகுரி, இந்த வருசம் சிக்கிம், மூன்றும் போச்சு. கிரிக்கெட் முகமது கைஃப் பூல்பூரில் நின்று டெபாசிட்டை விட்டார்.

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "கிரிக்கெட் பட்டோடி 71லயே நின்னு தோத்தாருப்பா. நவாப்பு! 91ல போபால்லயும் நின்னாரு, அங்கயும் இல்லன்னுட்டாய்ங்க" என்றார்.

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. "ஹாக்கி சந்தீப் சிங் அதே ஹரியானாவுல ஜெயிச்சிருக்காருல்ல, அதை வாசிடா" என்றான். ஜெயித்திருக்கிறார்தான். ஆனால் இவர்களெல்லாம் தொகுதி தொகுதியாக, கட்சிச் சின்னத்தில் நின்றவர்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சியே கிடையாது. அப்பன் யார், பாட்டன் யார் என்று தெரிந்த ஊரில் ஓட்டுக் கேட்பது அதைவிடச் சிரமம் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

17.12.2019, செவ்வாய்

மார்கழி ஒண்ணு. நாலரைக்கே கோயில் குழாய் பாட ஆரம்பித்துவிட்டது. பரிசீலனை முடிந்தது. மனு ஏற்பு.

19.12.2019, வியாழன்

சின்னம் கொடுத்தார்கள். அவருக்குப் பூட்டு சாவி, இவனுக்கு ஆட்டோ ரிக்‌ஷா. வாழ்க்கை முழுக்கப் பூட்டுப் போட்டுப் பிடித்தவனுக்கு அந்தச் சின்னம் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமை. ஆனால் பயல்களுக்குக் கொண்டாட்டம். ஆட்டோவிலேயே மைக் கட்டி ஆட்டோவுக்கு ஓட்டுக் கேட்கலாமாம். மைக் செட்டோடு ஆட்டோ வாடகை பேசியாயிற்று. பாதி முன்பணம்.

21.12.2019, சனி

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

காலையில் வடக்குத் தெரு. ஆம்பளையாட்கள் எல்லாரும் "உனக்கில்லாமயாப்பா" என்றார்கள். தோளில் தட்டினார்கள். சிங்கம்புணரி ஃபைனலில் கடைசி நிமிசம் அவன் பிடித்த பிடியை ஒருவர் தெருவிலேயே குனிந்து நடித்துக் காட்டினார். கால் மணி நேரம் அதிலேயே போனது. ஓட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

நாலாவது தெருவில் குழாயடி. பத்துப் பன்னிரண்டு பெண்கள், குடங்கள். மாப்பிள்ளை கும்பிட்டான். ஒரு அப்பத்தா அவன் கையைப் பிடித்து, அந்தக் கோணல் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ யாரு மகன்யா?" என்றது.

அப்பன் பேரைச் சொன்னான்.

"அட, அவுக மகனா! எந்தூர்ல இருக்கய்யா இப்ப?"

"இங்கினதேன் இருக்கேன் அப்பத்தா."

அப்பத்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்து, "நெசமாவா?" என்றது. பகலெல்லாம் மேலூரில் லோடு ஏற்றுகிறான். சாயங்காலம் மைதானம். சனி ஞாயிறு என்றால் வெளியூர் மேட்ச். நாலு தெரு தள்ளி இருக்கிற கிழவிக்கு அவன் வெளியூர்க்காரன்தான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டீமுக்குத்தான் உள்ளூர்க்காரன்.

ராத்திரி சாப்பிடும்போது சம்சாரத்திடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் கணக்குப் போட்டாள். "மேட்ச் ஆரம்பிக்கிறதே ராத்திரி பத்து மணிக்கு மேல. பொம்பளைக யாரு வந்தா? நானே ஒருநா வந்திருக்கேனா? கூட்டத்துல பாதி வெளியூரு. மிச்சத்துல பாதி மீசை முளைக்காத பயலுக. விசிலடிச்சவன்ல எத்தனை பேருக்கு நம்ம ஊர்ல ஓட்டு இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் என்னைக்காவது எண்ணிப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை.

"எங்கம்மா பென்சனுக்கு எழுதிக் குடுத்தது யாரு? நூறு நாள் வேலையில என் பேரு விட்டுப்போனப்ப ஆபீசுக்கு வந்து பேசுனது யாரு? அந்தாளு நல்லவருன்னு சொல்லல. வந்தாரு."

"அப்ப நீ யாருக்குப் போடுவ?"

"ஓட்டுப் பெட்டிக்கிட்டச் சொல்றேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

25.12.2019, புதன்

சாயங்காலம் ஐந்தோடு பிரச்சாரம் ஓய்ந்தது. காதுக்குள் மட்டும் இன்னும் மைக் ஓடுகிறது.

ராத்திரி பதினொன்றுக்குக் கதவு தட்டல். தெரிந்த பையன்தான். கபடியில் எனக்குப் பின்னால் வந்த செட். தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீக. உங்க வீட்டுக்கும் கணக்கு வந்திருக்கு" என்று கவரை நீட்டினான். ரெண்டு ஓட்டு, ரெண்டு ஐந்நூறு. வேட்பாளரின் அக்கா வீடு என்று அவனுக்கும் தெரியும், கொடுத்தனுப்பியவருக்கும் தெரியும். லிஸ்டில் விடுபடக் கூடாது, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்னும் விளங்கவில்லை.

பின்னாலிருந்து சம்சாரம், "கொண்டு போய்க் குடுத்துருப்பா. காசுக்குப் போட்டேன்னு ஒரு பேச்சு எனக்கு வேணாம்" என்றாள். அவன் போன பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. காசு வாங்காமல் யாருக்குப் போட்டாலும் அந்த வாக்கியம் பொருந்தும் என்று படுத்த பிறகுதான் உறைத்தது.

26.12.2019, வியாழன்

அமாவாசை, சூரிய கிரகணம். மீனாட்சி கோயில் நடை சாத்திவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் கிரகணம் பிடித்தது யாருக்கு ஆகாது என்று டீக்கடையில் விவாதம். அத்தை மாப்பிள்ளையை வெளியே விடவில்லை. ஒன்பதரை வாக்கில் வெயில் மங்கி, தெரு கழுவிவிட்ட மாதிரி ஒரு நிறத்தில் கிடந்தது. பிள்ளைகள் அவனுடைய பழைய தோள்பட்டை எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு சூரியனைப் பார்க்க மாடியேறினார்கள். அது கண்ணுக்கு ஆகாது என்று திட்டிப் பிடுங்கினேன்.

27.12.2019, வெள்ளி

ஓட்டு. ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவர்கள் நாலையும் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு முழித்தார்கள். சம்சாரம் மறைப்புக்குள் போய் அரை நிமிசத்தில் வந்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

3.1.2020, வெள்ளி

நேற்றுக் காலை போனவர்கள் இன்று விடியற்காலைதான் வீடு வந்தோம். பெட்டியைக் கவிழ்த்து, முதலில் நிறம் நிறமாகப் பிரிக்கவே மத்தியானம் ஆனது. எங்கள் ஊராட்சி முறை வந்தபோது ராத்திரி எட்டு. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நானும் மாப்பிள்ளையும். ரோஸ் சீட்டு ஒவ்வொன்றாக விரிந்து தட்டுக்குள் விழுகிறது. பூட்டு, பூட்டு, பூட்டு, ஆட்டோ, பூட்டு. முதல் பத்து நிமிசத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வலையை விடவில்லை. எடை இறங்கட்டும் என்று காத்திருக்கிறவன் மாதிரி குனிந்தே நின்றான்.

ஒரு சீட்டை அலுவலர் எங்களுக்குத் தூக்கிக் காட்டினார். பூட்டு மேலே ஒரு முத்திரை, ஆட்டோ மேலே ஒரு முத்திரை. ரெண்டும் கட்டத்துக்கு நடுவில், அழகாக, கோணாமல். தெரியாமல் குத்தினது இல்லை அது. ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று நினைத்த யாரோ. "செல்லாது" என்று தனியாகப் போட்டார். அந்த ராத்திரியில் மாப்பிள்ளை சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆட்டோவுக்கு 211. அவருக்கு 906.

முடிந்து வெளியே வந்ததும் அவர் எங்களைத் தேடி வந்தார். "தம்பி, பொங்கல் மேட்சை விட்றாத" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. அதுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பார்த்து மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. "சோறு இருக்கா?" பழைய சோற்றில் மோரை ஊற்றி, வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

6.1.2020, திங்கள்

பதவியேற்பு. போனேன். கேசரி கொடுத்தார்கள்.

18.1.2020, சனி

மூன்று நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று டிவியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. நேற்று ராத்திரி நம்ம ஊர் மின்னொளி கபடி. பரிசு எல்லாம் புதுத் தலைவர் உபயம். மேடையில் துண்டு போட்டார்கள். அவரே அழைத்து மாப்பிள்ளைக்கும் ஒரு துண்டு போட்டார். கூட்டம் விசிலில் பந்தலைப் பெயர்த்துவிட்டது.

இடைவேளையில் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு பயல் ஓடி வந்து, "அண்ணே, நீங்க தோத்துட்டீகன்னு கேட்டதும் எனக்குச் சோறே இறங்கலண்ணே" என்றான்.

"எந்தூருடா?"

"நத்தம் பக்கம்ணே."

"வயசென்ன?"

"பதினாறு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே பந்தல் கால் ஓரமாகச் சேலையைப் போர்த்திக்கொண்டு சம்சாரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

அரையிறுதியில் மூன்று பாயிண்டில் போய்விட்டது. மூன்றாம் பரிசு 5,000. தலைவர் கையால் வாங்கி, அதிலேயே மைக் ஆட்டோ பாக்கி 1,800ஐ எண்ணிக் கொடுத்தோம்.