இரண்டரைக் கிலோ எள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணா ஒருவர் நல்லெண்ணெய்க்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஈரோட்டில் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போடப்போகிறார்கள். போனில் ஆர்டர் எடுப்பது அவருடைய மகள். இப்போதுதான் கல்லூரி முடித்த பெண், எடுத்ததுமே கேள்விகளை அடுக்கிவிட்டாள். நன்றாக எழுதத் தெரிந்தால் போதுமா? தலைப்புதான் எல்லாமா? நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்? பத்து வருடமாக எல்லாரும் என்னிடம் கேட்பவைதான். இந்த வேலை முடியும்வரை பதில்களை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

நான் எழுதுவது டைரக்ட் ரெஸ்பான்ஸ் விளம்பரம். அப்படியென்றால், படித்தவர் அப்போதே போனை எடுக்க வேண்டும் என்று எழுதுவது. பெயர் மனதில் நின்றால் போதும் என்று ஓடும் டிவி விளம்பரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளம்பரம் என்பது அச்சில் செய்யும் விற்பனை என்று 1904-இல் சிகாகோவில் விளம்பரக் கம்பெனியில் இருந்த ஆல்பர்ட் லாஸ்கரிடம், விளம்பரம் எழுதும் ஜான் கென்னடி என்பவர் சொன்னார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எதிரில் நிற்பவரிடம் கடைக்காரர் பேசுவதைத்தான் நாம் எழுதுகிறோம். அதனால் முதலில் போய்க் கேட்க வேண்டும். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

6 பிப்ரவரி, வியாழன்

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். மோட்டாரில் சுற்றும் வாகை மரச் செக்கு. எள்ளு நசுங்கி மாவு மாதிரி ஆனதும் அண்ணா கருப்பட்டியை உடைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பிரிந்து, உலக்கையைச் சுற்றிக் கறுப்பாக மினுங்கியது. அறை முழுக்க வாசம். பிறகு வெளியே கூட்டிப்போய், வெயிலில் தெளிய வைத்திருந்த பாத்திரங்களைக் காட்டினார். மூன்று நாள் அப்படியே இருக்குமாம். மண்டி அடியில் தங்கியதும் மேலாக எடுத்து பாட்டிலில் அடைப்பார்களாம்.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு எள் என்று கேட்டேன். “ரெண்டரைக் கிலோ ஆகுமுங்க. எள்ளைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.”

நான் எழுதிக்கொள்வதைப் பார்த்து, “ஏனுங்க அம்மிணி, இதையெல்லாமா எழுதறது? எல்லாச் செக்குலயும் இப்படித்தானுங்க ஆட்டறாங்க” என்றார்.

அமெரிக்காவில் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனிக்கு விளம்பரம் எழுதப் போன கிளாட் ஹாப்கின்ஸும் இதே வார்த்தையைத்தான் கேட்டார். அப்போது எல்லாப் பீர் கம்பெனிகளும் ‘சுத்தமானது’ என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. படிப்பவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய், வடிகட்டிய காற்று வரும் கண்ணாடி அறையில் பீர் குளிர்வதையும், பாட்டில்களை நான்கு முறை கழுவுவதையும் பார்த்தார். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லாரும் செய்வதுதானே என்றார்கள். யாரும் இதுவரை சொல்லவில்லையே என்று அவர் அதையே விளம்பரமாக்கினார். ஐந்தாம் இடத்திலிருந்த பீர் சில மாதங்களில் முதலிடத்தைத் தொட்டது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த இரண்டரைக் கிலோதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

8 பிப்ரவரி, சனி

பழைய ஆர்டர் நோட்டைப் பார்த்து, வாங்கிய ஒன்பது பேரிடம் போனில் பேசினேன். ‘எண்ணெய் நல்லா இருக்குதுங்களா?’ என்று கேட்கக்கூடாது, ‘நல்லா இருக்குதுங்க’ என்று முடித்துவிடுவார்கள். கடைசியாக எதற்கு ஊற்றினீர்கள், முதலில் வாங்கும்போது என்ன தயங்கினீர்கள் என்று கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். ஒரு அம்மா சொன்னார்: “விலையப் பார்த்து வேண்டாம்னுதானுங்க நெனச்சேன். அப்புறம் இட்லிப் பொடிக்கு ஊத்துனதும் பேரன் தட்டை வழிச்சு நக்கிட்டான்.” இன்னொருவர், அடியில் மண்டியைப் பார்த்துக் கலப்படமோ என்று பயந்தாராம். ஒன்பதில் ஆறு பேருக்கு விலைதான் தயக்கம்.

வாங்குபவர் வாயில் வரும் வார்த்தையை என்னால் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டை வழித்து நக்கும் பேரனை நானாக எழுதியிருந்தால் அது பொய்.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்று அண்ணாவோடு கொஞ்சம் மல்லுக்கட்டு. மூட்டு வலி போகும், சர்க்கரை குறையும் என்று போடச் சொன்னார். முடியாதுங்கண்ணா என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுத மாட்டேன். அந்த வரியை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

அடுத்து மகள், “இன்னைக்கே கடைசின்னு போட்டா சீக்கிரம் வாங்குவாங்கல்ல அக்கா?” என்றாள். உண்மையிலேயே கடைசி நாள் இருந்தால் போடலாம். இல்லாத அவசரத்தை உண்டாக்குவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த பதின்மூன்று ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். அது ஆன்லைன் விற்பனைக்கான விதி என்றாலும் பொய் எங்கே எழுதினாலும் பொய்தான். நிஜமான காரணம் அவர்களிடமே இருக்கிறது. இந்த முறை ஆட்டியதில் வந்தது 140 லிட்டர், அடுத்தது தெளிய மூன்று நாள் ஆகும். அதை அப்படியே எழுதினேன்.

கேரண்டிக்குத்தான் அண்ணா ரொம்ப யோசித்தார். பாதி தீர்ந்திருந்தாலும் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருவது. “ஏமாத்துவாங்களே?” என்றார். ஒருவர் இருவர் ஏமாற்றலாம். வாங்கத் தயங்கி நிற்பவர்கள் அதைவிட எத்தனையோ பேர். அரை மணி நேரம் கழித்துச் சரி என்றார்.

13 பிப்ரவரி, வியாழன்

தலைப்பு எல்லாமா என்றால், பாதிக்கு மேல் அதுதான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஹால்டெமன்-ஜூலியஸ் என்பவர் ஐந்து சென்ட் புத்தகங்களைத் தபாலில் விற்றார். விற்காத புத்தகத்துக்கு, உள்ளே ஒரு எழுத்தையும் தொடாமல், பெயரை மட்டும் மாற்றுவார். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவரின் விவாதக் கலை பற்றிய நூலுக்கு ‘தர்க்கமாக வாதிடுவது எப்படி’ என்ற பொருளில் பெயர் வைத்ததும் விற்பனை பல மடங்கு ஏறியது.

நான் 31 தலைப்பு எழுதினேன். ஏஐ எழுதித் தந்த ஒன்றையும் மகள் அனுப்பியிருந்தாள்: ‘இயற்கையின் வரம், பாரம்பரியத்தின் சுவை’. அந்த இடத்தில் வேறு எந்தக் கடையின் பெயரை வைத்தாலும் பொருந்துகிறது, அதனால் எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது இது:

‘ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ எள் வேண்டும். இன்று எள் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.’

விலைக்குத் தயங்கும் ஆறு பேருக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. நீளத்தைப் பொறுத்தவரை, எண்ணெய் தேவைப்படாதவர் இரண்டு வரியையும் படிக்க மாட்டார், தேவைப்படுபவர் சந்தேகம் தீரும்வரை படிப்பார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க மார்ட்டின் கான்ராய் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் 1975 முதல் 2003 வரை தபாலில் போய்க்கொண்டே இருந்தது. நம் நோட்டீஸில் செக்கு, கருப்பட்டி, மண்டி, பேரன், கேரண்டி எல்லாம் வந்து இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

15 பிப்ரவரி, சனி

ஆயிரம் நோட்டீஸ். பாதியில் என் தலைப்பு, பாதியில் அண்ணா முதலில் கேட்ட ‘100% சுத்தமான மரச்செக்கு நல்லெண்ணெய்’. மற்றபடி காகிதம், விலை, கேரண்டி எல்லாம் ஒன்றே. போன் நம்பர் மட்டும் வேறு வேறு, எதைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. இரவு பத்து மணிவரை நானும் மகளும் தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினோம். ஒரே தெருவுக்கு ஒரே தலைப்பு போய்விட்டால் தெருவைச் சோதித்ததாகிவிடும். விடியற்காலையில் பேப்பர் போடுபவரிடம் கட்டுகளைக் கொடுக்க வேண்டும்.

21 பிப்ரவரி, வெள்ளி

‘சுத்தமான’ நம்பருக்கு நான்கு அழைப்பு, ‘இரண்டரைக் கிலோ’ நம்பருக்குப் பதின்மூன்று. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பதினேழு அழைப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, வேறு ஏரியாவில் இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்றேன். கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் எள் விலையை விசாரித்துவிட்டே பேசினார்களாம்.

24 பிப்ரவரி, திங்கள்

கேரண்டியைச் சொல்லி முதல் பாட்டில் திரும்பி வந்தது. அண்ணா மறுபேச்சு இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். “எண்ணெய்க்கு ஒரு குறையும் இல்ல கண்ணு. மூடி சரியில்ல, ஒழுகி அலமாரியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு.” கண்காட்சியில் மலிவாகக் கிடைத்ததென்று போன மாதம் மாற்றிய மூடியாம்.

அடுத்த ஆயிரம் நோட்டீஸுக்கு அச்சகத்தில் நாள் சொல்லியிருந்தேன். நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். மூடி மாறட்டும்.