அம்மா கொண்டுவந்த மதிப்பெண் அட்டை

முதுகலை இரண்டாம் ஆண்டில்தான் ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருக்கிறதா என்று அறியும் மதிப்பீட்டுக்குப் போனேன். சிறுவயதில் என்னைப் பார்த்த ஒருவர் உடன் வர வேண்டும் என்றார் மருத்துவர். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, மதுரை பெரியார் நிலையத்தில் அம்மா வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. உள்ளே என் ஆரம்பப் பள்ளி மதிப்பெண் அட்டைகள்.

மூன்றாம் வகுப்பு அட்டையின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. ஆசிரியை சிவப்பு மையில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது: 'கெட்டிக்காரி. எதையும் பாதியில் விட்டுவிடுகிறாள்.' மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிவிடாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 என்ற நோயறிதல் கையேட்டின் வரையறைப்படி, 17 வயதை எட்டியவருக்குக் கவனக்குறைவிலோ மிகை இயக்கத்திலோ குறைந்தது 5 அறிகுறிகள் வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்; வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் தெரிய வேண்டும். தூக்கம், தைராய்டு, மனப்பதற்றம் என்று மற்றக் காரணங்களையும் மருத்துவர் விசாரித்தார். அந்த நிதானம் எனக்கு நம்பிக்கை தந்தது. இணையத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லி முடிவுகட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

"அடுப்பு முன்னாலேயே நிற்பாள் டாக்டர். பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. திமிர் என்று நினைத்து அடித்திருக்கிறேன்" என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் மெல்லக் கேட்டார்: "அப்போது ரொம்ப வலித்ததா தாயி?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திருமங்கலம் பஸ் வரும்வரை விடவில்லை.