மூன்று ஆளுநர்களும் ஒரு டஸ்டரும்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் குடியியல் படிப்பித்த மாஸ்டர் புத்தகத்தைத் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் தன் கதிரையை வகுப்பு நடுவில் இழுத்துப் போட்டார். "இது அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநரின் கதிரை. 1946 நவம்பரில் தெரிவான யூஜின் டால்மேஜ், பதவியேற்க முன்னமே டிசம்பர் 21இல் செத்துப்போனார். இனி இதில் ஆர் இருக்கிறது?"

மூன்று பேரை எழுப்பினார். ஒருவன், கதிரையை விடாத பழைய ஆளுநர் எலிஸ் ஆர்னல். அடுத்தவன், புதிய துணை ஆளுநர் மெல்வின் தொம்சன். மூன்றாமவன், செத்தவரின் மகன் ஹேர்மன்.

மகன் போட்டியிடவே இல்லை. தகப்பனுக்குச் சுகமில்லை என்று தெரிந்த ஆதரவாளர்கள் வாக்குச்சீட்டில் மகன் பெயரை எழுதிப் போட்டிருந்தார்கள். செத்தவருக்கு அடுத்தபடியாகக் கூடுதல் வாக்கு எடுத்தவர்களில் ஒருவரைச் சட்டசபை ஆளுநராக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எண்ணினால் மகனுக்கு 617, இன்னொருவருக்கு 669. அப்புறம் டால்மேஜின் சொந்த இடமான டெல்ஃபெயர் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) மகனுக்கு மேலும் 58 வாக்குகள் 'அகப்பட்டன'. மொத்தம் 675! அவற்றில் செத்தவர்களின் வாக்குகளும் இருந்ததை 'அட்லாண்டா ஜேர்னல்' பத்திரிகை பிறகு வெளிக்கொண்டுவந்தது. பெயர்கள் அகரவரிசையில் வேறு இருந்தனவாம். "எங்கட வரவு இடாப்பு மாதிரி," என்றார் மாஸ்டர்.

1947 ஜனவரி 15 அதிகாலை சட்டசபை ஹேர்மனைத் தெரிவுசெய்தது. அலுவலகப் பூட்டை மாற்றிவிட்டார்கள். ஆர்னல் நடுமண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு ஆட்சி நடத்தப் பார்த்தார்.

என் பங்கு, மாநிலச் செயலாளர் பென் போர்ட்சன். அரசாங்கப் பத்திரங்களில் குத்தும் மாநில முத்திரையை எவருக்கும் கொடுக்காமல், தன் சக்கர நாற்காலி மெத்தைக்குக் கீழே வைத்து மேலே இருந்துகொண்டவர். முத்திரைக்குப் பதில் மாஸ்டர் டஸ்டரைத் தந்தார். மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தொம்சன் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் என்னை எழும்ப விட்டார். நாங்கள் கைதட்டினோம். "பொறுங்கோ, 1948இல் அதே ஹேர்மன் தேர்தலில் நின்று வென்றார்."

மாஸ்டர் சொல்லாத ஒன்றை அட்லாண்டாவுக்குக் குடிவந்த பிறகே அறிந்தேன். கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுப்பேன் என்றுதான் யூஜின் பிரசாரம் செய்தார். அந்த உட்கட்சித் தேர்தலிலும் கூடுதல் வாக்கு எடுத்தவர் ஜேம்ஸ் கார்மைக்கேல். சிறு கவுண்டிகளுக்கு அளவுமீறிய பலம் கொடுத்த கணக்குமுறைதான் யூஜினைக் கரைசேர்த்தது. பகிடியாகவே கேட்டு வளர்ந்த கதை எனக்கு அன்று கசந்தது.

டஸ்டர் பாடத்தன்று வீட்டுக்குப் போனேன். நீலக் காற்சட்டையின் பின்பக்கமெல்லாம் வெள்ளை. "எங்கையடா போய் இருந்தனி?" என்று அம்மா கேட்டா.

"முத்திரைக்கு மேலை," என்றேன்.