423 போட்டால்தான் வாடூஸ்

மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் ஒரு பெண்குரல், இப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அடங்கியது. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருக்கும் குட்டி நாடான லீக்டன்ஸ்டைனில், ட்ரீசன்பெர்க் என்ற மலைக்கிராமத்தில் சின்னதாக ஒரு தங்கும் விடுதியில் அறை எடுத்திருந்தேன். மியூனிக்கில் கிளம்பவே தாமதம், போய்ச் சேர இரவாகிவிடும். சாவியை யாரிடம் வாங்குவது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தப்பு என்னுடையதுதான். அந்த நாட்டில் புழங்குவது சுவிஸ் ஃபிராங்க். சுங்கமும் 1924-லிருந்து சுவிட்சர்லாந்தோடு ஒன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் போன் கோடும் சுவிஸ்தானே என்று நானாக முடிவுகட்டி முன்னால் 41 போட்டிருந்தேன். ஒரு காலத்தில் இது சரியாகவும் இருந்திருக்கும். 1999 வரை நாடு மொத்தமும் சுவிஸ் தொலைபேசியில் 075 என்ற ஒரே ஏரியா கோடு, நம் எஸ்டிடி கோடு மாதிரி. அந்த வருஷம்தான் சொந்தமாக 423 வந்தது. ரைன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சுவிஸ்காரர் இக்கரையில் ஒரு வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் இப்போது அது வெளிநாட்டு அழைப்பு. 00423, அப்புறம் ஏழு இலக்கம். நடுவில் ஊர்க் கோடு கிடையாது, பூஜ்யம் சேர்க்கும் வேலையும் இல்லை. நம்மூரிலிருந்து கூப்பிட்டாலும் இதேதான். 160 சதுர கிலோமீட்டர், 40,000 சொச்சம் ஜனம். இதில் ஊருக்கு ஊர் கோடு எதற்கு?

நாலாவது தடவை மணி அடித்தது. எடுத்த அம்மாள் முதலில் தன் குடும்பப் பெயரைச் சொன்னார். ஜெர்மன் பேசும் ஊர்களில் பலருக்கு அதுதான் 'ஹலோ'. நான் யாரென்று சொன்னதும் "ஹோய்!" என்றார். திருநெல்வேலிக்காரன் காதில் அது "ஓய்!" என்றுதான் விழுந்தது. "என்ன வே" என்று பதில் என்னையறியாமல் வாய்வரை வந்துவிட்டது. அதற்குமேல் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நடுக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் பகுதியிலிருந்து மலையேறி வந்து குடியேறிய வால்சர் ஜனங்களின் ஊர் அது, பேச்சும் தனி. "கதவோரம், பூந்தொட்டிக்குக் கீழே" என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அது போதுமே.

விமான நிலையம் இல்லாத நாடு. ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ஹ் வரை ரயிலில் போய், அங்கிருந்து 11-ஆம் நம்பர் பஸ், தலைநகர் வாடூஸில் இறங்கி 21. இருட்டில் பஸ் கொண்டையூசி வளைவுகளில் ஏறியபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள். அதில் எது சுவிட்சர்லாந்து, எது லீக்டன்ஸ்டைன் என்று சொல்ல முடியவில்லை. சாவி பூந்தொட்டிக்குக் கீழேயே இருந்தது.

மறுநாள் வாடூஸ். எழுத்தில்தான் வாடூஸ், உள்ளூர்க்காரர் வாயில் 'ஃபடுட்ஸ்'. தலைநகரம் என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஸ்டேட்லே என்ற ஒரு நடைபாதைத் தெரு, கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு கலை அருங்காட்சியகம், தபால்தலை அருங்காட்சியகம். 1912-லிருந்து சொந்தமாகத் தபால்தலை அடிக்கிறார்கள். மேலே பாறையில் கோட்டை. இளவரசர் குடும்பம் அங்கேதான் வசிக்கிறது என்பதால் உள்ளே விடமாட்டார்கள். ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் தேசிய தினம் என்று தெரிந்ததும் அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம். சுற்றுலா அலுவலகத்தில் காசு கொடுத்தால் பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்தித் தருகிறார்கள். விசாவுக்கு அலைகிற இந்தியப் பாஸ்போர்ட்டில் விளையாட்டு முத்திரை எதற்கு வம்பு என்று ஒரு தபால் அட்டையில் குத்தி வாங்கிக்கொண்டேன்.

மதியம் கேஸ்க்னெஃப்லே. மாவைச் சல்லடைப் பலகையில் தேய்த்துக் கொதிநீரில் விழவைத்து, சீஸ் போட்டுப் புரட்டி, மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். பக்கத்தில் ஒரு கிண்ணம் ஆப்பிள் மசியல். சீஸோடு இனிப்பா என்று முகம் சுளித்துக்கொண்டுதான் தொட்டேன். கிண்ணத்தை வழித்துவிட்டேன். விலை மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

சாயங்காலம் பழைய மரப்பாலம். 1901-இல் கட்டியது, 135 மீட்டர் நீளம், கூரை போட்ட ஒரு மரச்சுரங்கம் மாதிரி. நடந்தும் சைக்கிளிலும் மட்டுமே போகலாம். பலகைகளின் இடுக்கு வழியே கீழே ரைன் ஓடுவது தெரியும். எல்லை பாலத்தின் நடுவில், காவலுக்கு ஒருவரும் இல்லை. ஆனால் என் போன் காவல்காரனை விடக் கறார். ஐரோப்பிய ரோமிங் விதி லீக்டன்ஸ்டைனுக்கு உண்டு, சுவிட்சர்லாந்துக்குக் கிடையாது. என் ஜெர்மன் சிம்முக்கு இக்கரையில் தனிக் கட்டணம் இல்லை, அக்கரையில் நிமிஷத்துக்குக் காசு. பாலத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, "சுவிட்சர்லாந்துக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. டவர் எதுவோ அதுதான் நாடு.

அந்த நேரம் பார்த்து ஒரு அழைப்பு. 423. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பார்த்தேன், விடுதிச் சாவி. காசு போனால் போகட்டும் என்று எடுத்து, இந்தமுறை நானே முந்திக்கொண்டு "ஹோய்" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். பிறகு எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: வாடூஸ் திரும்பி 21-ஆம் நம்பர் டிரைவரிடம் கொடுத்துவிடு, அவனுக்கு என் வீடு தெரியும்.