பட்டியலில் இருக்கிறது, கவுன்டரில் இல்லை

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கேஷ்லெஸ் (பில்லை நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் வசதி) எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் கடலூர் மஞ்சக்குப்பத்து மருத்துவமனை ஒன்று இருந்தது. வலியோடு இருந்த அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். இன்சூரன்ஸ் டெஸ்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் எங்கள் கம்பெனி பெயர் மேல் பேனாவால் கோடு போட்டிருந்தது. "ஒப்பந்தம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு சார், அவங்கதான் லிஸ்ட்ல இருந்து எடுக்கல" என்றார் அங்கிருந்த பெண். பட்டியலில் அடுத்து இருந்தது வெறும் கண் மருத்துவமனை. இன்னொரு எண்ணை அழைத்தால், அந்த இடத்தில் இப்போது மருத்துவமனையே இல்லையாம். ஹெல்ப்லைனில் கேட்டால், "சிஸ்டத்தில் காட்டுகிறதே சார்" என்று அதே பட்டியலைப் படிக்கிறார்கள். பக்கத்தில் அம்மா வலியில் முனகிக்கொண்டிருக்கிறார்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி தளத்தில் 607 என்று தொடங்கும் நம் ஊர் பின்கோடு போட்டால் புதுச்சேரி மருத்துவமனைகள் வராது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரிதான் என்றாலும், அதைத் தனி மாநிலமாகத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். போன் செய்யும்போதும் ரிசப்ஷனில் கேட்காதீர்கள், "ஆமாம், எல்லா இன்சூரன்ஸும் உண்டு" என்றுதான் சொல்வார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கைக் கேட்டு வாங்கி, கம்பெனி பெயர், டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்ம் வேலைகளைப் பார்க்கும் நிறுவனம்) பெயர் இரண்டையும் சொல்லி, சமீபத்தில் அவர்களிடம் அப்ரூவல் வந்ததா என்று கேளுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது 2024 ஜனவரியில் வந்த 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' ஏற்பாடு. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேட்கலாம். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் அட்மிஷன் ஆன 48 மணி நேரத்துக்குள். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். புதுச்சேரியில் அம்மாவுக்குப் பார்த்த டாக்டரின் மருத்துவமனை சம்மதித்தது. மெயில் போட்டேன், அப்ரூவல் வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று மறுபடி இழுத்தடித்தார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதமானால், அதனால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் பணம் கம்பெனியின் பொறுப்பு. இதை போனில் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது.

அந்தக் கோடு போட்ட தாளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பட்டியலைத் திருத்தச் சொல்லி, அந்தப் போட்டோவையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். சரியான பதில் வராவிட்டால் அடுத்தது ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளம். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.